சிறையில் இருப்போரோடு குடும்பத்தார் தொடர்பில் இருக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறைவாசிகளின் குடும்பத்தார் சங்கத்தினர்,
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள்.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர் அவர்கள், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, சென்னை.
2. தலைமை இயக்குநர் அவர்கள், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, சென்னை.
3. மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.

பொருள்: மனு பார்த்தல் (சிறையில் இருப்பவரை நேரில் சந்தித்தல்), தொலைபேசி, காணொலி, கடிதம், அவசர விடுப்பு ஆகியவற்றில் டெல்டா மாவட்டக் குடும்பங்கள் படும் சிரமங்களைக் களையக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நடவு நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், கரையோரத்தில் மீன் விற்கிறவர்கள். மகனோ கணவரோ அண்ணன் தம்பியோ சிறையில் இருக்கிறார்கள். சிலருக்கு மகளே உள்ளே இருக்கிறாள். அவர்கள் மீதுள்ள வழக்குகளைப் பற்றி இந்த மனுவில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் துயரத்தையும் நாங்கள் மறந்துவிடவில்லை. எந்த ஒரு சிறையின் மீதும் அலுவலரின் மீதும் புகாராகவும் இதை எழுதவில்லை. உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்கவும் குரலைக் கேட்கவும் சட்டம் கொடுத்திருக்கும் வழி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. அது வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

இது சலுகையல்ல, உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 1981லேயே சொல்லிவிட்டது. பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பெண் தடுப்புக்காவலில் டெல்லியில் வைக்கப்பட்டிருந்தார். ஐந்து வயது மகளைப் பார்க்க மாதத்துக்கு ஒரு முறைதான் அவருக்கு அனுமதி. அந்த விதி அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளுக்கு எதிரானது என்று நீதிபதி பி.என். பகவதி அமர்வு தீர்ப்பளித்தது. உறவினரையும் நண்பரையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க விட வேண்டும் என்றும் கூறியது. 2017 செப்டம்பரில் நாட்டின் 1,382 சிறைகளின் நிலை குறித்த வழக்கில், குடும்பத்தார் வந்து பார்ப்பதை ஊக்குவிக்க வேண்டும், தொலைபேசி, காணொலி வழியாகப் பேசவும் வழி காண வேண்டும் என்று அதே நீதிமன்றம் அறிவுறுத்தியது. 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையிலேயே ஒருவரை வைக்க வேண்டும் என்கின்றன. 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

எங்கள் பகுதிக்கு மத்திய சிறை என்றால் திருச்சிதான். பெண்களுக்கான தனிச்சிறையும் திருச்சியில்தான். வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தார் என்று எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தத் தூரத்தை எங்கள் பெண்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்தால்தான் மனு எழுதிக்கொடுக்கும் நேரத்துக்குள் வாயிலை அடைய முடியும். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது. திருச்சி போகும் புறநகர்ப் பேருந்தில் முழுக் கட்டணம். போகவர ஆகும் செலவோடு அன்றைய கூலி இழப்பும் சேர்ந்துகொள்ளும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டாலோ, புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு வந்துவிட்டாலோ, கிடைக்கிற சில வாரக் கூலியை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போக முடிவதில்லை. அந்த மாதங்களில் உள்ளே இருக்கிறவர், வீட்டார் தன்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறார். இந்த எண்ணம் ஒருவரை என்ன செய்யும் என்பதைச் சிறைத் துறை எங்களைவிட நன்றாக அறியும்.

இத்தனை தூரம் போன பிறகு, ஆளை வேறு சிறைக்கு மாற்றியாயிற்று என்று வாயிலில் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். ஆதார் அட்டையில் இனிஷியல் வேறாக இருந்ததால் உள்ளே விடப்படாத தாயும் இருக்கிறார். அவருக்கு எழுபது வயது.

எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது வாய்தா நாளைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். முன்பெல்லாம் காவலை நீட்டிக்கக் கைதியை நீதிமன்றத்துக்கு நேரில் அழைத்து வருவார்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ காவல் வேன் வந்து நிற்கும். அவர் இறங்கிப் படியேறும் அந்தச் சிறு நேரத்தில் முகத்தைப் பார்த்துவிடலாம். வழிக்காவலுக்கு வந்தவர் இரக்கப்பட்டால் நாலு வார்த்தை பேசலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக் காட்டலாம். திருச்சிக்குப் போக வழியில்லாதவர்களுக்கு அதுதான் மனு. இப்போது நீதிமன்றக் காவல் நீட்டிப்பு பெரும்பாலும் காணொலி வழியாக நடக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது. வழிக்காவலுக்கு ஆள் போதாமையும் பாதுகாப்பும் காரணம் என்பது எங்களுக்குப் புரிகிறது. அந்த முறையை எதிர்த்து நாங்கள் வரவில்லை. ஆனால் நீதிபதி பார்க்கிற அதே திரை ஏற்கெனவே எங்கள் ஊர் நீதிமன்றத்தில் இருக்கிறது. காவல் நீட்டிப்பு முடிந்ததும், வெளியே காத்திருக்கும் தாயோ மனைவியோ அந்தத் தொடர்பிலோ அருகில் ஓர் அறையிலோ ஐந்து நிமிடம் பேச ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய கருவியும் வேண்டாம். உயர் நீதிமன்றத்தோடு கலந்துபேசி அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இதைப் போலவே, காணொலி மனுவை வட்ட அளவில் கொண்டுவர வேண்டும். 2020இல் கொரோனா காலத்தில் நேரில் பார்ப்பது நிறுத்தப்பட்டபோது, தமிழகச் சிறைகளில் கைபேசி வழியாக முகம் பார்த்துப் பேச வைத்தார்கள். செய்ய முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இன்று இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கிற பெண்ணுக்கு ஓடிபியும் தெரியாது, செயலியும் தெரியாது. ஒவ்வொரு வட்டத்திலும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஊரூராகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்களில் இ-சேவை மையங்கள் நடக்கின்றன. உரமும் பயிர்க்கடனும் வாங்க நாங்கள் போய்வருகிற இடம் அது. முன்பதிவு செய்து தரும் பொறுப்பை இந்த மையங்களுக்கும், காணொலியில் பேச வைக்கும் பொறுப்பை வட்ட சட்டப் பணிகள் குழுக்களுக்கும் கொடுங்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், சீர்காழி ஆகிய தூர வட்டங்களில் முதலில் தொடங்கலாம். காணொலி வந்துவிட்டதென்று நேரில் பார்க்கும் முறையைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். திரையில் பார்ப்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது.

தொலைபேசி வசதி வந்ததற்கு எங்கள் நன்றி. அதில் இருக்கும் சிக்கல் நேரம்தான். உள்ளேயிருந்து அழைப்பு வருவது பெரும்பாலும் பகலில். அப்போது நாங்கள் முழங்கால் சேற்றில் நிற்கிறோம். போன் வரப்பில் கிடக்கும், அல்லது வீட்டில் இருக்கும். எடுக்காமல் போன அழைப்பை அவர் கணக்கில் சேர்க்காமல் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது மாலை ஐந்து மணிக்குப் பிறகு பேச விட வேண்டும். அடைப்பு நேரம் இடம் தராது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையாவது கொடுங்கள். பதிவு செய்த எண்ணை மாற்ற மறுபடி நேரில் வரச் சொல்லாமல், கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு தபாலில் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளலாம்.

கடிதங்களைத் தணிக்கை செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் வந்த கடிதத்தை இரண்டு வேலை நாளுக்குள் கைதியிடம் சேர்த்து, வந்த தேதியையும் கொடுத்த தேதியையும் உறையில் முத்திரையிட வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதித்தர, படித்த கைதிகளையும் சட்டத் தன்னார்வலர்களையும் பயன்படுத்தலாம். திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, சக கைதி ஒருவருக்கு நடந்த கொடுமையைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு சிறைச் சீர்திருத்தத்துக்கே வழிகாட்டும் தீர்ப்பை வழங்கியது. ஒரு கடிதத்தைத் தாமதிப்பதால் என்னென்ன தாமதமாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்தது சாவு. இதை எழுதவே மனம் வரவில்லை, ஆனால் எழுதாமல் விட முடியாது. தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982இன்படி, பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் இறந்தால் தண்டனைக் கைதிக்கு அவசர விடுப்பு உண்டு. விசாரணைக் கைதிக்கு அந்த விதிகள் பொருந்தாது. அவர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் தகப்பனார் இறந்தால், திங்கட்கிழமை மனு எண்ணாகும் முன்பே எங்கள் ஊரில் எல்லாம் முடிந்துவிடும். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை உள்ளே இருக்க, சித்தப்பா மகன் கொள்ளி வைத்த வீடுகள் எங்களில் உண்டு. ஆகவே, விடுமுறை நாளிலும் இத்தகைய மனுவை வாங்கி, பொறுப்பு நீதித்துறை நடுவரிடம் அன்றைக்கே சேர்க்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரைப் பணியில் வைக்க வேண்டும். தண்டனைக் கைதியின் விடுப்புக்கு வேண்டிய நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் காவல்துறை அறிக்கையும் சாவுக்கு எனில் தொலைபேசியிலேயே பெறப்பட வேண்டும். எப்படியும் அனுப்ப முடியாத நிலையில், வீட்டிலிருந்து காணொலியில் காட்டுவதை அவர் பார்க்கவாவது சிறைக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் கொடுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதே வழி இருக்கட்டும்.

எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அலைவதும் பெரும் வேதனை. கைது செய்தவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லும் உறவினருக்குத் தெரிவிப்பது காவல்துறையின் சட்டக் கடமை. அதே கடமை, சிறை மாற்றத்தின்போதும் மருத்துவமனையில் சேர்க்கும்போதும் சிறைத் துறைக்கும் இருக்க வேண்டும். திருச்சியிலிருந்து கடலூருக்கோ பாளையங்கோட்டைக்கோ கொண்டுபோன அன்றைக்கே பதிவு செய்த எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தால் போதும். குறுஞ்செய்தி போதாது, படிக்கத் தெரியாதவர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு வேண்டும். அன்று கம்பித் தடுப்போ கண்ணாடியோ இல்லாமல், தாயின் மடியிலும் தகப்பன் பக்கத்திலும் உட்கார்ந்து பேச விடுங்கள். தாயும் பிள்ளையும் இப்படித் தடுப்பில்லாமல் சந்திக்க வேண்டும் என்பதை, பெண் கைதிகளுக்கான பாங்காக் விதிகள் 2010லேயே சொல்லியிருக்கின்றன. ஆறு வயது வரை தாயோடு சிறையில் வளர்ந்துவிட்டு வெளியே அனுப்பப்படும் குழந்தைக்கு இது இன்னும் அவசியம். அடையாளச் சான்றாக ஆதாரோடு குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றையும் ஏற்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் நிழலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் எல்லாக் கிளைச்சிறைகளிலும் வேண்டும்.

கடலோரத்து எங்கள் உறுப்பினர்கள் சார்பில் ஒன்று. அக்கரைப்பேட்டை, கோடியக்கரை, மல்லிப்பட்டினம் போன்ற ஊர்களின் மீனவர்கள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறைகளில் வைக்கப்படுகிறார்கள். அவர்களோடு பேச அவர்கள் மனைவிமாருக்கு முறையான வழி எதுவும் இல்லை. இது மாநில அரசின் கையில் மட்டும் இல்லை என்பதை அறிவோம். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தூதரகத்துக்குத் தரும் உரிமையைக் கொண்டு, யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாக வாரம் ஒரு அழைப்புக்கு ஏற்பாடு செய்யும்படி மாவட்ட ஆட்சியர்கள் ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் அந்த அழைப்பை எடுக்க ஓர் இடம் போதும்.

அற்புதம்மாளின் மகன் பேரறிவாளன் 1991இல் கைதானபோது அவருக்கு வயது 19. 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் விடுவிக்கும் வரை, 31 ஆண்டுகள் சிறைவாசல்களுக்கு நடந்த அந்தத் தாயைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அவர் பட்ட பாட்டை நாங்கள் பெருமையோடு நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு தாயாலும் அப்படி நடக்க முடியாது. நடக்க முடியாதவர் பிள்ளையை இழந்துவிடக் கூடாது.

மேற்கண்டவை குறித்துப் பேச, சிறைத் துறை, சட்டப் பணிகள் ஆணைக்குழு, காவல்துறை, எங்கள் சங்கப் பெண்கள் ஆகியோரைக் கொண்ட கூட்டம் ஒன்றைத் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்ட வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கப்பட்டதா, இல்லையெனில் என்ன காரணம் என்று எழுத்து வடிவில் பதில் தர வேண்டும். நடவு நாட்களைத் தவிர்த்துத் தேதி குறித்து, காலை 11 மணிக்குப் பிறகு கூட்டத்தை வைத்தால் வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்துப் பெண்களும் வந்து கலந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்.
இடம்: தஞ்சாவூர்

நகல்: மாவட்ட ஆட்சியர்கள், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தஞ்சாவூர்.