மறதிக்கு மருந்து கடையில் இல்லை!

மறதி!

இந்தச் சொல் கேட்காத வீடு இல்லை.

"நன்றாகத்தான் படித்தேன். பரீட்சையில் மறந்துவிட்டது" என்கிறான் பையன். "சாவியை எங்கே வைத்தேன்?" என்று தேடுகிறார் அப்பா. "அடுப்பில் பால் இருந்ததையே மறந்துவிட்டேன்" என்கிறார் அம்மா.

பெரியவர்கள் மறந்தால் வீட்டில் சிரித்துவிடுகிறார்கள். பிள்ளை மறந்தால் சிரிப்பது இல்லை. "மக்கு" என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயர் பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது. கொஞ்ச நாளில் பிள்ளையே அதை நம்பிவிடுகிறது. "எனக்குப் படிப்பு வராது" என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது.

விளையாட்டாக வைத்த பெயர், ஒரு வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

இது நியாயமா? நியாயம் அல்ல. ஞாபக சக்தி என்பது சிலருக்கு மட்டும் கிடைத்த வரம் அல்ல. பெரும்பாலும் அது பழக்கம். பழகினால் வளரும். பழகாவிட்டால் துருப்பிடிக்கும்.

ஓட்டலில் ஒரு பாடம்

காலை நேரத்தில் கூட்டமான ஓட்டலுக்குப் போனால் இதை நேரில் பார்க்கலாம்.

பரிமாறும் இளைஞர் கையில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. ஒரு மேஜையில் நெய் ரோஸ்ட் கேட்கிறார்கள். அடுத்த மேஜையில் பொங்கல், வடை. மூலையில் இருப்பவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்கிறார். சமையல் கட்டின் வாசலில் நின்று உரக்கச் சொல்கிறார். கேட்டவருக்குக் கேட்டது வந்துவிடுகிறது. கடைசியில் யார் என்ன சாப்பிட்டார் என்ற கணக்கும் சரியாக இருக்கிறது.

இப்படி வேலை பார்ப்பவர்களில் பலர், "படிப்பு ஏறவில்லை" என்று பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பத்துப் பேர் கேட்டதை மனதில் வைத்திருக்கும் மூளையில் பத்து வரிப் பாடம் ஏறாதா? ஏறும். ஏற்றும் வழியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டலில் அவர் என்ன செய்கிறார்? முழுக் கவனத்தோடு கேட்கிறார். ஒவ்வொன்றையும் ஓர் ஆளோடும் ஓர் இடத்தோடும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார். வாய்விட்டுச் சொல்கிறார். சில நிமிடங்களுக்குள் மறுபடி நினைவுக்குக் கொண்டுவருகிறார். ஞாபகக் கலை என்பது இந்த நான்கும்தான்.

லண்டன் டாக்சிக்காரர்கள்

லண்டன் நகரில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் கடினமான ஒரு பரீட்சை எழுதவேண்டும். சேரிங் கிராஸ் என்ற இடத்தைச் சுற்றி 6 மைல் தூரத்துக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களையும் மனதில் வைத்திருக்கவேண்டும். எங்கிருந்து எங்கே போகச் சொன்னாலும், வழியைப் படம் பார்க்காமல் சொல்லவேண்டும். இதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பயிற்சியில் சேர்ந்த 79 பேருடைய மூளையை விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குள் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆண்டுக் கணக்கில் பயின்று 39 பேர் தேறினார்கள். மறுபடியும் படம் எடுத்தார்கள். தேறியவர்களின் மூளையில், ஞாபகத்துக்கு உரிய ஒரு பகுதி வளர்ந்திருந்தது! இந்த ஆராய்ச்சி 2011ல் வெளிவந்தது.

வளர்ந்த மனிதரின் மூளையே பயிற்சியால் மாறுகிறது என்றால், வளரும் பிள்ளையின் மூளை மாறாதா?

மறப்பது குற்றம் அல்ல

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவர் தன்னையே சோதனைப் பொருள் ஆக்கிக்கொண்டார். பொருள் இல்லாத சின்னச் சின்ன அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி படித்தார். இந்தத் தடவை எவ்வளவு நேரம் மிச்சம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். அதுதான் மனதில் தங்கியதன் அளவு. முடிவை 1885ல் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? படித்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு.

அவர் பெரிய அறிஞர். அவருக்கே இந்தக் கதி! பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் படித்த உடனே மறதி தொடங்கிவிடுகிறது என்பது எல்லோருக்கும் பொது. ஆகவே, நேற்றுப் படித்ததை இன்று மறந்த பிள்ளை மக்கு அல்ல. மற்ற மனிதர்களைப் போன்ற பிள்ளைதான்.

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் பல தடவை படிப்பதைவிட, பல நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் பாடம் தங்குகிறது. விதைத்த அன்றே பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினால் பயிர் வளருமா? நாள்தோறும் ஒரு குடம் ஊற்றவேண்டும்.

படித்ததையே படித்தால் போதுமா?

நம் வீடுகளில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? ஒரு பக்கத்தை நான்கு தடவை, ஐந்து தடவை படிக்கிறார்கள். கண் ஓடுகிறது, வாய் முணுமுணுக்கிறது. "எல்லாம் தெரிந்துவிட்டது" என்று தோன்றுகிறது.

அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2006ல் வெளிவந்தது. ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பாடத்தை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரே முறை படித்தார்கள். பிறகு, பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை மூன்று முறை எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். அவர்களுக்கு நூற்றுக்கு 83 பங்கு நினைவு இருந்தது. மற்றவர்களுக்கு 71.

ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் கதை தலைகீழ் ஆனது! நான்கு முறை படித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்குதான் நினைவு இருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61.

பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவது இல்லை. வாரம் கழித்தும் மாதம் கழித்தும்தான் வருகிறது. வாழ்க்கையோ ஆண்டுகள் கழித்துப் பரீட்சை வைக்கிறது. எனவே, மனதுக்குள் போடுவது மட்டும் படிப்பு அல்ல. போட்டதை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் படிப்பு.

திண்ணைப் பள்ளிக்கூடம் செய்த வேலை

இது வெளிநாட்டார் சொல்லித்தான் தமிழனுக்குத் தெரியவேண்டும் என்பது இல்லை. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் (1855-1942) தம் இளமைக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தம்முடைய "என் சரித்திரம்" நூலில் எழுதியிருக்கிறார்.

மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், பறவையின் பெயர், ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்து அதை மறக்காமல் சொல்லவேண்டும்.

எவ்வளவு எளிய பயிற்சி! இரவு தூங்கி எழுந்து, காலையில் நினைவில் இருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். கருவியும் இல்லை, செலவும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடங்களில் அடியும் தண்டனையும் இருந்தன. அவை ஒழிந்தது நல்லதுதான். ஆனால், பிரம்பை எறிந்த கையோடு இந்தப் பயிற்சியையும் எறிந்துவிட்டோம். பொருள் தெரியாமல் உருப்போடுவது தவறு. அதற்காக மனதில் எதையும் வைக்கவே வேண்டாம் என்பதும் தவறு. முதலில் புரியவேண்டும். புரிந்தது மனதில் நிற்கவேண்டும்.

தாயே ஆசிரியர்

"எனக்குப் படிப்பு இல்லையே! என் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று பல தாய்மார்கள் கலங்குகிறார்கள். கலங்கவேண்டாம். இந்த வேலைக்குப் பாடம் தெரியவேண்டியது இல்லை. காது இருந்தால் போதும்.

பிள்ளை படித்து முடித்ததும் புத்தகத்தைத் தாய் வாங்கி மூடி வைக்கட்டும். "கண்ணு, இன்றைக்கு என்ன படித்தாய்? அம்மாவுக்குப் புரியும்படி சொல்லு" என்று கேட்கட்டும். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம். பிள்ளை தடுமாறும் இடத்தில் திட்டக்கூடாது. "யோசித்துப் பார்" என்று கொஞ்சம் பொறுக்கவேண்டும். வரவில்லையா? புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, மறுபடி மூடிச் சொல்லட்டும்.

அதே பாடத்தை மறுநாள் காலையில் ஒரு தடவை கேட்கவேண்டும். மூன்றாம் நாள் ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஐந்து, பத்து நிமிடம் போதும். நாள் தவறிவிட்டால் குடி முழுகிப்போகாது. விட்டு விட்டுக் கேட்பதுதான் முக்கியம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. படிக்காத அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்றால், பிள்ளை பாடத்தைத் தன் சொந்தச் சொல்லில் சொல்லியாகவேண்டும். சொந்தச் சொல்லில் சொல்லத் தெரிந்தால்தான் பாடம் புரிந்தது என்று பொருள்.

தூக்கத்தைத் திருடாதீர்கள்

பரீட்சைக்கு முந்திய இரவில் விடிய விடியப் படிக்கும் வழக்கம் இருக்கிறது. இதைப் பெருமையாகப் பேசும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

1924ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது அவர்கள் குறைவாக மறந்தார்கள். படித்துவிட்டு விழித்திருந்தபோது அதிகமாக மறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த பல ஆராய்ச்சிகளும், தூக்கம் ஞாபகத்துக்குத் துணை என்றே சொல்கின்றன. தூக்கம் வீண் நேரம் அல்ல. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி வைக்கும் நேரம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை

பெரியவர்களின் மறதியில் பாதி, மறதியே அல்ல. செல்போனில் பேசிக்கொண்டே கதவைப் பூட்டுகிறோம். பாதி வழியில், "பூட்டினோமா?" என்ற சந்தேகம் வருகிறது. பூட்டும்போது மனம் அங்கே இல்லை. வைக்காத பொருளைப் பெட்டியில் தேடினால் கிடைக்குமா?

வேலையும் இப்படித்தான் கெடுகிறது. கடைக் கணக்குக் கூட்டும்போது செல்போன் மணி அடிக்கிறது. பேசிவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டோம் என்று தெரிவது இல்லை. மறுபடி முதலில் இருந்து கூட்டவேண்டும். பேசியது இரண்டு நிமிடம். போனது பத்து நிமிடம். கணக்கு முடியும்வரை செல்போனை அடுத்த அறையில் வைத்தால் வேலையும் முடியும், தப்பும் வராது.

சாவிக்குச் சுவரில் ஓர் ஆணி. அது அங்கேதான் தொங்கவேண்டும். மளிகைக்குச் சிட்டை. நாளை செய்யவேண்டிய வேலைகளுக்கு இரவே ஒரு துண்டுத் தாள். எழுதிவைப்பது அவமானம் அல்ல. எழுத்துப் படித்ததன் முதல் பயனே அதுதான். சில்லறை விஷயங்களைத் தாள் சுமக்கட்டும். மனம் பெரிய விஷயங்களைச் சுமக்கட்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. வயதான ஒருவர் பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றால், பெற்ற பிள்ளையின் பெயரே தடுமாறினால், அது சாதாரண மறதி அல்ல. கேலி செய்யாமல் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும்.

மற்றவர்களுக்கு லேகியமும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம். புட்டியைக் குடித்தால் பாடம் மனதில் ஏறிவிடாது. கவனித்துப் படிப்பது, புத்தகத்தை மூடிச் சொல்வது, விட்டு விட்டுத் திருப்புவது, நன்றாகத் தூங்குவது: மருந்து இதுதான். கூழ் குடிக்கும் வீட்டுக்கும் கிடைக்கும். கோடீசுவரன் வீட்டுக்கும் இதுவேதான்.

இதோடு இன்னொன்றையும் விடவேண்டும். பிள்ளையைப் பார்த்து "மக்கு" என்று சொல்லும் பழக்கம்! பிள்ளை பாடத்தை மறந்தாலும் மறக்கும். அந்தச் சொல்லை மட்டும் சாகும்வரை மறக்காது.