காய்கறியைத் துறப்பது பத்தியமாகாது

சிறுநீரக நோய் கண்டவர் இல்லத்தில் காய்கறிக்கே முதல் தடை விதிக்கின்றனர். தம் தோட்டத்தில் விளைந்ததையும் இலையில் இட அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தில் பாதி உண்மை. மறு பாதி தீங்கு என்பதே நம் கருத்து.

காய்கறிகளில் பொட்டாசியம் என்னும் சத்து உண்டு. நலிந்த சிறுநீரகம் அதனை வெளியேற்ற இயலாவிடின், இரத்தத்தில் அது மிகுந்து இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆயினும், நோயாளர் எல்லாருக்கும் அது மிகுவதில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பான அளவு. இரத்தப் பரிசோதனை கண்டு உணவை வரையறுப்பதே முறை.

காயை விலக்கியவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உண்கிறார். அவ்வுப்போ இரத்த அழுத்தத்தை ஏற்றி, எஞ்சிய சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இது பத்தியமாகுமா?

பொட்டாசியம் மிகுந்தோர்க்கும் வழியுண்டு. சுரை, புடல், பீர்க்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றில் அது குறைவு. உருளைக்கிழங்கிலும் கீரையிலும் மிகுதி. உருளையைத் தோல் சீவி, சிறுசிறு துண்டுகளாக அரிந்து, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுக. கணிசமான பகுதி நீங்கும். வெறுமனே ஊறவைத்தல் போதாது. வடித்த நீரில் ரசம் வைத்தல் கூடாது. இளநீரும், பொட்டாசியம் கலந்த மாற்றுப்பும் இவர்களுக்கு அபாயம். நட்சத்திரப் பழமோ சிறுநீரக நோயாளர் அனைவருக்கும் நஞ்சு.

மருந்துச் சீட்டு பெறும்போதே, எந்தக் காய், எவ்வளவு, எவ்வாறு சமைப்பது என்பதையும் வைத்தியரிடம் கேட்டறிதல் வீட்டார் கடமை. அறிந்து உண்பதே பத்தியம், அஞ்சி ஒதுக்குவதன்று.