கண்ணின் விலை

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, திண்டுக்கல்லை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் நமது காரியாலயத்துக்கு வந்தான். வலது கண்ணில் கட்டு. இரும்புக் கதவுப் பட்டறையில் வேலை செய்கையில் கிரைண்டரின் தட்டு உடைந்து தெறித்ததில் அந்தக் கண் போய்விட்டது. நாம் வக்கீல் தொழில் செய்தவர்களாதலால், நஷ்டஈடு கோரும் வழியை எடுத்துச் சொன்னோம். “பட்டறை என் தாய்மாமனுடையது, ஐயா. அவர் மேல் கேஸ் போடுவேனா? மற்றப் பையன்களுக்காவது தெரியும்படி பத்திரிகையில் எழுதுங்கள்” என்றான். அவன் கேட்டதையே இன்று செய்கிறோம்.

திண்டுக்கல்லின் பெயரைத் தேசமெங்கும் கொண்டு சென்றது பூட்டு. மாங்காய்ப் பூட்டு முதலான பலவகைப் பூட்டுகளை அரத்தாலும் உளியாலும் உருவாக்கிய கைகளுக்கு, 2019-ல் புவிசார் குறியீடு என்னும் மரியாதை கிடைத்தது. அக்கைகளின் வாரிசுகளில் பலர் இன்று கிரில் பட்டறையிலும், இரும்புப் பீரோப் பட்டறையிலும், தச்சுக் கூடத்திலும் மின்சாரக் கைக்கருவிகளை ஏந்தி நிற்கிறார்கள். அரம் பழகப் பல வருஷம் வேண்டும். கிரைண்டரை விலைக்கு வாங்கிய அன்றே ஓட்டிவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அரம் தப்பினால் தோல் கீறும். கிரைண்டர் தப்பினால் அங்கம் போகும். பழைய கருவிக்கு ஒரு குரு இருந்தார். புதிய கருவிக்கு எவரும் இல்லை.

1895-ல் ஜெர்மனியில் முதல் மின்சாரக் கைத்துளைப்பான் தோன்றியது. 1954-ல் அதே தேசத்தில் கோணக் கிரைண்டர் வந்தது. இவை தொழிலாளியின் முதுகு வலியைக் குறைத்து வருமானத்தைப் பெருக்கியவை என்பதில் சந்தேகமில்லை. இயந்திரம் வேண்டாமென்று சொல்வோர் கட்சியில் நாம் சேர்ந்தவர்களல்லர். ஆயினும் அதன் சுபாவத்தை அறியாமல் அதனோடு பழகலாகாது.

நாலங்குலக் கிரைண்டர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்றுச் சுற்றுகிறது. கணக்குப் பார்த்தால் தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. திண்டுக்கல் சந்திப்பைக் கடக்கும் எந்த ரயிலுக்கும் அந்த வேகமில்லை. இந்தக் கருவியின் காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஏழங்குலத் தட்டை மாட்டும் வழக்கம் நமது பட்டறைகளில் உண்டு. ஏழங்குலத் தட்டு தாங்கக்கூடியது நிமிஷத்துக்குச் சுமார் 8,500 சுற்றே. அதை 11,000 சுற்றில் ஓட்டினால், அது தன் வேகத்தாலேயே சிதறக்கூடும். நமது வாலிபனுக்கு நேர்ந்தது இதுவே. தட்டின் மேல் அச்சிட்ட சுற்றெண், கருவியின் சுற்றெண்ணுக்குக் குறையலாகாது என்னும் ஒரு விதியை அறிந்திருந்தால் அவன் கண் தப்பியிருக்கும்.

தட்டுக்கும் ஆயுள் உண்டு. ஈரம் பட்டதும், கீழே விழுந்ததும், அதன்மேல் குறித்த காலம் கடந்ததும் குப்பைக்கே உரியவை. புதுத் தட்டை மாட்டியதும், உடலை விலக்கி, ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். அறுக்கும் தட்டின் பக்கவாட்டில் இரும்பைத் தேய்க்கலாகாது. அழுத்தினால் சீக்கிரம் அறுபடும் என்பது மயக்கம். அழுத்தினால் தட்டு சிக்கி, கருவி கையை மீறி எகிறும். பக்கப்பிடியோடு இரண்டு கையாலும் பிடித்து, கருவியின் பாரத்தையே வேலை செய்யவிடுவது உத்தமம். வெட்டும் சுத்தமாக இருக்கும், தட்டும் நீடிக்கும். மரம் அறுக்கும் பல் வட்டை கிரைண்டரில் மாட்டும் தச்சர்களுக்கு ஒரே வார்த்தை: அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

துளைப்பானிலும் இதே நியாயம். சிறு பித்தளைத் தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடும்போது, துளை முடியும் தறுவாயில் அலகு தகட்டைக் கவ்விச் சுழற்றும், தகடு கத்தியாகிவிடும். பட்டறைப் பிடியில் இறுக்கி, மையக்குத்தியால் குழி பதித்து, மெதுவாகத் தொடங்குவதே முறை. கழுத்துத் துண்டும், தொளதொளத்த சட்டைக் கையும், நூல் கையுறையும் சுழலும் அலகுக்கு இரை. அலகையோ தட்டையோ மாற்றுமுன் மின்சாரத்தை விலக்கி, சுழற்சி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்சார விஷயத்தில் நமது அசட்டை சொல்லி முடியாது. பிளக்கை அறுத்துவிட்டு, ஒயரின் நுனிகளைத் தீக்குச்சி வைத்துச் செருகும் காட்சியை எத்தனையோ பட்டறையில் பார்த்திருக்கிறோம். உலோக உடல் கொண்ட கருவிக்கு மூன்றாவது முள்ளாகிய பூமித் தொடர்பே உயிர்க்காப்பு. முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியைப் பட்டறை வாசலில் ஒருமுறை பொருத்தினால், ஐப்பசி மழையில் ஈரத் தரையில் நிற்பவனையும் அது காக்கும்.

மூக்குக்கண்ணாடி கண் காப்பாகாது. பக்கங்களையும் மூடும் காப்புக் கண்ணாடி வேண்டும். தட்டு உடைவதற்கு அஞ்சுவோர் அதன்மேல் முகக்கவசமும் அணிதல் நலம். இரும்புப் பொடி கண்ணில் விழுந்தால், பக்கத்து ஆள் துணி முனையால் எடுத்துவிடும் வழக்கம் கொடியது. பொடி கருவிழியில் துருப்பிடித்து வளையம் விடும். அழுக்குத் துணி புண்ணை உண்டாக்கும். அன்றே கண் டாக்டரிடம் செல்ல வேண்டும். கண் வைத்தியத்தில் பேர் பெற்ற மதுரை நமக்குத் தூரமன்று.

“வியர்வையில் கண்ணாடி மங்குகிறது, மூடி இருந்தால் கோடு தெரிவதில்லை, துண்டுக் கணக்குக் கூலியில் நேரம் ஏது?” என்று தொழிலாளிகள் கேட்கிறார்கள். இவை பொய்யான ஆட்சேபங்களல்ல. காற்றுத் துவாரமுள்ள கண்ணாடிகள் கடைகளில் கிடைக்கின்றன. மூடியைக் கழற்றாமலே வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நேரத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை உபதேசிப்பது நியாயமன்று.

சட்டம் என்ன செய்தது? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அதன் 35-ஆவது பிரிவில் கண் காப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் இயந்திர சக்தி கொண்டு பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களையே அச்சட்டம் பொதுவாகத் தொழிற்சாலையாகக் கருதியது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. மாமனும் மருமகனும் இரண்டு பையன்களும் உழைக்கும் பட்டறையை அந்தக் கணக்கு எட்டவில்லை. 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டமோ, மற்றக் கண் நன்றாயிருக்க ஒரு கண்ணை இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு நாற்பது நஷ்டம் என்று அட்டவணை போட்டது. அட்டவணைக்குக் கண்ணின் விலை தெரியும். அந்த வாலிபனின் தாய்க்குத் தெரிந்த விலை வேறு.

ஆகவே, இன்ஸ்பெக்டரை எதிர்பார்த்துப் பயனில்லை. கருவி விற்கும் வியாபாரி, தட்டின் சுற்றெண்ணையும் காலக்கெடுவையும் தமிழில் எழுதிக் கடையில் தொங்கவிடட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் பட்டறைப் பையன்களுக்கு வாசலைத் திறக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் காப்புக் கண்ணாடியை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரட்டும். சர்க்கார், கருவிக்குக் கடன் கொடுக்கும்போது காப்புச் சாமான்களையும் அதில் சேர்க்கட்டும். பட்டறை முதலாளி, ஆயுத பூஜையன்று கருவிக்குச் சந்தனம் இடுமுன் கழற்றிப் போட்ட மூடியைத் தேடி எடுத்து மாட்டட்டும். அதைவிடச் சிறந்த பூஜை அந்தக் கருவிக்கு இல்லை.

பிறர் வீட்டைக் காக்கப் பூட்டுச் செய்து கொடுத்த ஊர் இது. தன் பிள்ளைகளின் கண்ணைக் காக்க ஒரு மூடியும் ஒரு கண்ணாடியும் அதற்குப் பாரமாகுமா என்று கேட்கிறோம்.