காத்தாடி வந்தது, கணக்கு வரவில்லை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வெளுத்துக்கட்டும் நேரத்தில் ஒரு காற்றாலைக் காத்தாடி நின்றுபோகிறது. ஆள் ஏணியில் ஏறுகிறார். மேலே கியர் எண்ணெய் வாடை, அடுப்படிச் சூடு. திரையில் ஒரு பிழை எண் மினுங்குகிறது. அது எதைக் குறிக்கிறது என்று பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் கடலுக்கு அப்பால், இயந்திரம் செய்தவர்களிடம் இருக்கிறது, அங்கே அன்று ஞாயிற்றுக்கிழமை. திங்கள் வரைக்கும் காற்று பொறுக்குமா?

இந்தக் கையாலாகாத ஆத்திரத்தில்தான் எங்கள் இயக்கம் பிறக்கிறது. ஏணி ஏறுகிறவர்கள், பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்கள், காத்தாடிக்கு நிலம் கொடுத்தவர்கள் எல்லோரும் கூடி அறிவிக்கிறோம்: பல நாட்டு வரிப்பணத்தில் விளைந்த தூய எரிசக்தி ஆராய்ச்சி, இயந்திரம் நிற்கிற மண்ணின் மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

நாங்கள் அந்நியச் சரக்கை எரிக்கக் கிளம்பியவர்கள் அல்ல. கயத்தாறு என்றால் பாடப்புத்தகத்துக்கு 1799, கட்டபொம்மன், புளியமரம். எங்களுக்கு இன்னொரு கயத்தாறும் உண்டு. டென்மார்க் அரசின் உதவியோடு காற்றாலைகள் நட்டு ஓட்டிப் பார்த்த ஊர் அது. 1998இல் சென்னையில் காற்றாற்றல் ஆய்வு மையம் அமைந்தபோது, அதன் சோதனை நிலையமும் டேனிய உதவியோடு கயத்தாற்றிலேயே வந்தது. 2010இல் வெளியான இந்தியக் காற்று வரைபடம் அந்த மையமும் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகமும் சேர்ந்து போட்ட கணக்கு.

இதில் நாங்கள் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஐரோப்பிய மின்கட்டமைப்புக்கு ஏற்ப வடித்த இயந்திரங்கள் நம் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் மின்வெட்டிலும் திணறின. ரிசோ ஆய்வகத்தார் இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து இதை அளந்து, 2000ஆம் ஆண்டு அறிக்கையாக வெளியிட்டார்கள். வாத்தியார் வந்து பாடம் படித்துவிட்டுப் போன கதை இது. கூட்டுறவு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இயந்திரத்தை விற்று ரசீது கொடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

டேனியர்களும் இப்படி வளர்ந்தவர்களே. கெட்ஸர் ஊரில் யோஹானஸ் யூல் 1957இல் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை 1967இல் நின்றுபோனது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கரும் டேனியரும் சேர்ந்து அந்தக் கிழட்டு இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டு அளவெடுத்தார்கள். சூரியத் தகட்டின் கதையும் இதுவே. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீனின் ஆய்வுக்கூடத்தில் தேறியது, ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் சந்தை கண்டது, கிரீனின் மாணவர் ஒருவரும் பிறரும் சீனாவில் எழுப்பிய தொழிற்சாலைகளில் விலை இறங்கியது.

2015 நவம்பர் 30 அன்று பாரிஸில் 20 நாடுகள், தூய எரிசக்தி ஆராய்ச்சிக்கான அரசு முதலீட்டை ஐந்தாண்டில் இரட்டிப்பாக்குவதாக வாக்களித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. தொகை பெருகட்டும். அந்தப் பணத்தில் எழுதப்பட்டதை யார் படிக்கலாம் என்பதே எங்கள் வழக்கு. சொந்தப் பணத்தில் கண்டுபிடித்தவர் காப்புரிமை கேட்பதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஊர்ப் பணம் போட்டால் ஊருக்குச் சொல்ல வேண்டும், தோற்ற சோதனைகளையும் சேர்த்து. எங்கள் மேட்டில் எடுத்த அளவுகள் எங்கள் கல்லூரிகளுக்கும் வேண்டும். பழுதுநீக்கும் கையேடு தமிழில் வேண்டும். கூட்டு ஆய்வில் எங்கள் ஆட்கள் கருவி தூக்க மட்டும் நிற்க மாட்டார்கள், கட்டுரையில் பெயரோடு வருவார்கள்.

உடனே கைவைக்க ஒரு வேலையும் இருக்கிறது. 1990களில் நட்ட சின்னக் காத்தாடிகள் இறங்கும் காலம் இது. அவற்றின் கண்ணாடியிழை இறக்கை மக்காது, உருக்கி வார்க்கவும் முடியாது. ஐரோப்பாவும் தன் பழைய இறக்கைகளை வைத்துக்கொண்டு இதே தலைவலியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் விடை தெரியாத கணக்கு என்பதால், சரிசமமாக உட்கார இதைவிட நல்ல இடம் கிடையாது.

உறுப்பினர் கட்டணம் இல்லை. ஒரு நோட்டு போதும். எந்த இயந்திரம், என்ன பிழை எண், என்ன செய்ததும் ஓடியது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் நோட்டுகளைச் சேர்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொதுவில் வைப்போம், டேனியரும் படிக்கலாம். முதல் நோட்டு திறந்தாயிற்று. முதல் வரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிழை எண்ணும், அதற்கு எதிரே ஒரு கேள்விக்குறியும் இருக்கின்றன.