வலியைச் சொல்லுங்கள்

அன்புச் சகோதரியே! மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தின் இயல்பை உங்கள் இல்லத்தார் அறிவார்களா? இரவு ஓய்வுக்குப் பின் மூட்டுகள் இறுகிவிடும். காலையில் அவ்விறுக்கம் அரை மணிக்கும் மேலாக, சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். பின்னர் நடமாட நடமாடத் தளரும். ஸுபுஹு வேளையில் தேநீர்க் குவளையைப் பிடிக்க இயலாத கை, லுஹர் வேளையில் சோறு வடிப்பது இதனால்தான்.

இதனை அறியாதோர் நடிப்பு என்பர். நீங்களோ மனம் நொந்து மௌனமாவீர்கள். வலியினும் அம்மௌனமே உறவை அரிக்கும். ஆகவே, சினம் எழுமுன் சொல்லிவிடுங்கள்: “இன்று வலி 10-க்கு 7. காலைச் சமையல் இயலாது, பகலில் செய்கிறேன்.” உதவியவருக்கு நன்றி கூறவும் மறவாதீர்கள்.

கணவர்மாரே! “இன்னுமா வலி?” என வினவாதீர்கள், “இன்று எவ்வளவு?” எனக் கேளுங்கள். மருந்தை மருத்துவர் தருவார். அவர் சொல்லை நம்புகிறோம் என்னும் ஆறுதலை நீங்கள்தாம் மனைவிக்குத் தரவேண்டும்.