சுவரில் ஒட்டிய நட்சத்திரங்கள்



மும்பையிலும் பெங்களூரிலும் நம்மவர் வீடுகள் அநேகத்தில், தாயும் தகப்பனும் வேலை முடிந்து திரும்ப இரவு எட்டு மணியாகிவிடுகிறது. அதுவரை பிள்ளைகள் தெருவில் அலையாதபடிக்கு, சபைக் கூடங்களில் மாலைநேர வகுப்புகள் நடைபெறுகின்றன. நடத்துகிறவர்களோ பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள். ஒரே அறையில் முப்பது பிள்ளைகளை அமரவைப்பது எளிதன்று. ஆகவே சுவரில் ஓர் அட்டவணை ஏறுகிறது. ஒழுங்காய் நடந்தால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரங்களுக்கு ஒரு பென்சில் பெட்டி.

இதை லஞ்சம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லஞ்சம் தகாததைச் செய்விப்பதற்குக் கொடுக்கப்படுவது. ஆனால் எதற்குப் பரிசு கொடுக்கிறோம் என்பதை நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டும்.

1973-ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே ஆசைகொண்ட சிறு பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நற்சான்று தருவோம் என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, சொல்லாமலே, வரைந்து முடித்தபின் அதே சான்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. பின்னர் வகுப்பில் வண்ணப் பேனாக்களை வைத்துக் கவனித்தபோது, முன்னதாக வாக்குப் பெற்ற பிள்ளைகளே அவற்றை மிகக் குறைவாக நாடினார்கள். விளையாட்டாய் இருந்தது அவர்களுக்குக் கூலிவேலை ஆயிற்று. ஆகவே, கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் காட்டாதிருங்கள். வாய்பாட்டுக்கும், செருப்புகளை வரிசையாய் வைப்பதற்கும் காட்டுங்கள். அவற்றில் எந்தப் பிள்ளைக்கு ஆசை?

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. சுவரில் எல்லாப் பெயர்களும் இருக்கும்; ஒருவன் பெயருக்கு எதிரே மட்டும் கட்டங்கள் வெறுமையாய் இருக்கும். பெரும்பாலும் அவன் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு தாமதமாய் வருகிறவன், அல்லது குடிக்கிற தகப்பனின் மகன். தினமும் இருபத்தொன்பது பேருக்கு முன்பாக அவன் தோற்கிறான். சில வாரங்களில் வராமற்போவான். யாருக்காக வகுப்பைத் தொடங்கினோமோ அவனே தெருவுக்குத் திரும்புகிறான்.

கூட்டாய்ப் பரிசு பெறும் முறையும் உண்டு. 1969-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு வகுப்பை இரு குழுக்களாக்கி நடத்திய விளையாட்டில், மீறுதல்கள் குறித்த அளவுக்குள் இருந்தால் இரு குழுவும் ஒரே நாளில் வெல்லலாம். பரிசுகளில் ஒன்று, மாலையில் விருப்பப்படி செலவிடச் சிறிது நேரம், காசு செலவில்லை. ஆயினும், ஒருவனால் குழு தோற்றால் மற்றப் பிள்ளைகள் அவனைப் பழிப்பார்கள். நீங்கள் அருகில் இருங்கள்.

அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தினுள் ஒட்டுங்கள். பெற்ற நட்சத்திரத்தை எக்காரணத்தாலும் பிடுங்காதிருங்கள். வெறுங்கட்டப் பிள்ளைக்கு இலக்கை மாற்றுங்கள்: இந்த வாரம் அவன் பென்சிலோடு வந்து உட்கார்ந்தால் போதும், ஒரு நட்சத்திரம்.