மழைக்கு ஒதுங்கிய இடம்

சென்ற அக்டோபரில் பட்டணத்திலிருந்து வந்த வாலிபத் தம்பி ஒருவர், டெய்ரி ஃபார்மிலுள்ள எங்கள் இல்லத்தில் தங்கினார். அட்லாண்டா முனை மேட்டிலுள்ள செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தை நீலவானத்தோடு படமெடுப்பதே அவரது வாஞ்சை. இத்தீவின் வானமோ ஒருவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நாங்கள் உள்ளே நுழைந்ததும் மழை கொட்டிற்று. கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு, அறைகளின் முன்னுள்ள தாழ்வாரத்தில் ஒதுங்கினோம்.

1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட இச்சிறையில், கோபுரத்தைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஏழு கட்டடங்கள் இருந்தன, மூன்றே மீந்துள்ளன. ஒன்றின் முகப்பு அடுத்ததன் முதுகையே நோக்கும். ஆகையால் எதிர்க்கட்டடத்துக் கைதியின் முகத்தை ஒருவனும் காணான். நடுவில் நின்ற காவலனுக்கோ எல்லாத் தாழ்வாரங்களும் திறந்திருந்தன. தம்பி வெகுநேரம் பேசவில்லை.

மழை விட்டது. ஐந்தரைக்குள் இருட்டிவிடுமே என்று முற்றத்திற்கு அழைத்தேன்.

“வேண்டாம் பாஸ்டர், இங்கிருந்தே எடுக்கிறேன்” என்றார்.

வெண்மேகத்தின் எதிரே கோபுரம் கரிக்கட்டையாய்த் தெரிந்தது. சுவரின் வெளிச்சத்திற்கே கேமராவைத் திருத்தி, தாழ்வாரத்தின் கம்பிகளையும் சேர்த்து எடுத்தார். அந்தப் படத்தில் வானம் சாம்பல் நிறந்தான்.